இரும்பைத் திருப்பித் தந்த அரம்

ஏழாங்கால் ஊரில் இரும்பு வளரத் தொடங்கியது ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அதற்கு முந்தின நாள் சந்தைக்குப் போன ஆறு கட்டு வாழை இலையில் இரண்டு கட்டு திரும்பி வந்திருந்தது. இலை வியாபாரி விளிம்பைத் தடவிப் பார்த்து, "அருவாளால வெட்டினியா, பல்லால கடிச்சியா?" என்று கேட்டிருந்தான், அந்தக் கேள்வி இருபத்திரண்டு வருஷமாக இலை அறுக்கும் செல்லக்கனியின் தொண்டையில் சோறு இறங்க விடாமல் நின்றது. வீட்டில் இருந்த அரத்தின் பல் தேய்ந்து, கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கியது. அதனால் மறுநாள் பால் கறந்து முடித்த கையோடு அவள் ஞானதிரவியம் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள், அரம் வாங்க.

பூச்சி மருந்தும் குழாயும் கயிறும் மண்வெட்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் அந்தக் கடையில் ஞானதிரவியம் ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டார்.

"எதுக்கு?"

"இலை அருவாளுக்கு."

"அப்ப முரட்டுப் பல்லு வேண்டாம், அது மண்வெட்டிக்கு. முக்கோணம் ரம்பத்துக்கு. உனக்குத் தட்டை அரம், நெருக்கப் பல்லு."

"நெருக்கம்னா எம்புட்டு நெருக்கம்?"

"நீயும் உன் மாமியாரும் இருந்த மாதிரி இல்லாம, கொஞ்சம் சேந்தாப்பல."

செல்லக்கனி சிரிக்கவில்லை. பெட்டியில் பன்னிரண்டு அரம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் சாய்த்து, பல்லின் நுனி மினுங்குகிறதா என்று பார்த்தாள். மினுங்கினால் அது மழுங்கின பல். கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தாள், நகம் வழுக்காமல் பிடிக்க வேண்டும். கடைசியாக, பிடி மாட்டும் வால் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, விரலால் சுண்டினாள். மட்டமான இரும்பு டொக்கென்று அடங்கிவிடும், நல்ல உருக்கு மணி மாதிரி ஒலித்து நிற்கும். பதினோரு அரமும் நன்றாகவே நின்றன. பன்னிரண்டாவது அரம், ஞானதிரவியம் இன்னொருவருக்கு அரைக் கிலோ ஆணி நிறுத்து, பொட்டலம் கட்டி, அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுலயும் கம்பெனி பேரு இல்லையே அண்ணாச்சி."

"பெட்டி மேல போட்டிருக்கான்லா. அரத்துலயும் வேணும்னா நீயே எழுதிக்கோ."

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஏழாங்காலில் பெயர் இல்லாத இரும்பு கிடையாது. அறுப்புக் காலத்தில் ஒரே வாய்க்கால் கரையில் நாற்பது அரிவாள் கிடக்கும் ஊர் அது, ஆகவே காம்பை ஒட்டிய பட்டையில் சொந்தக்காரன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்திவைப்பார்கள். விற்றாலும் கல்யாணச் சீராக வந்தாலும் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்தாலும், இரும்பு கைமாறிய அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதுப் பெயரைக் குத்திவிட வேண்டும். இதற்குப் பேரெடுக்கிறது என்று பெயர். இரண்டு பேர் பெயருள்ள இரும்பு வாசற்படி தாண்டக் கூடாது, தாண்டினால் வீடு இரண்டாகும் என்று நம்பினார்கள். நம்பாதவர்களும் எதற்கு வம்பு என்று எடுத்துவிடுவார்கள்.

செல்லக்கனி பன்னிரண்டாவது அரத்தை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, இலை அரிவாளை முழங்காலில் அணைத்து, முன்னே தள்ளித் தள்ளி ராவினாள். பத்து இழுப்பு ஆன பிறகும் மடியில் பொடி விழவில்லை. அரத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டோமோ என்று மாற்றிப் பிடித்தாள். இருபது இழுப்பில், போன வருஷம் கல்லில் பட்டு உடைந்த மூக்கு முனை, நகம் வளர்வதுபோல் வளர்ந்து வந்து நின்றது. முப்பது இழுப்பில் அரிவாள் வாங்கின நாளில் இருந்த அகலத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து மரத்து இலையை ஒன்று அறுத்துப் பார்த்தாள். விளிம்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஆகவே மீதி நாற்பது இலையையும் அறுத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"இங்க பாருங்க, இந்த அரம் ராவ ராவ இரும்பு வளருது."

அவள் புருஷன் தவசி கயிற்றுக் கட்டிலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தான். "காலைல சாப்பிட்டியா நீ?" என்று கேட்டான்.

"சாப்பிட்டேன்."

"அப்ப சரி" என்று பக்கத்தைத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதினேழு பேர் முதல் நாளில் வந்தார்கள், மறுநாள் வரிசை பால் சொசைட்டி வரைக்கும் நீண்டது. அதனால் அரத்தையே பால் சொசைட்டி வராந்தாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள். சொசைட்டியில் கிளார்க்காக இருந்த எஸ்தர், பால் எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு, திங்கள் புதன் வடக்குத் தெரு, செவ்வாய் வெள்ளி தெற்குத் தெரு, வியாழன் அரத்துக்குச் சொந்தக்காரி என்று எழுதிவைத்தாள். மண்வெட்டிகள் வளர்ந்தன. ஈர்க்குச்சி கனத்துக்குத் தேய்ந்திருந்த அரிவாள்மனைகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்து, புதுக் கனத்தில் பெண்கள் விரலை வெட்டிக்கொண்டார்கள். தையல்காரர் கத்தரிக்கோல் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து, மறு பக்கத்துக்கு அவர் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பழைய இரும்பு வாங்க வருகிறவர் ஏழாங்கால் இரும்பை எடுக்க மாட்டேன், வண்டியில் போகும்போதே வளர்ந்தால் அச்சு முறியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அரத்துக்குக் குங்குமம் வைக்கலாமா என்று ஒரு கட்சியும், குங்குமம் பல்லில் அடைத்துக்கொள்ளும் என்று ஒரு கட்சியும் இரண்டு நாள் சண்டை போட்டு, கடைசியில் வராந்தாத் தூணுக்கு வைத்தார்கள். ஏன் வளர்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் முறை எப்போது என்று கேட்டவர்கள்தான் எல்லாரும்.

குழப்பம் பெயரில் ஆரம்பித்தது. இரும்பு திரும்பி வந்தபோது, அதோடு எடுத்துப்போட்ட பெயர்களும் திரும்பி வந்தன. வடக்குத் தெரு வாத்தியார் வீட்டு வெட்டுக்கத்தியில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், அதற்குக் கீழே இன்னொன்று, வருகைப் பதிவேடு மாதிரி வரிசையாக வந்தது. முறையாகப் பார்த்தால் பழைய பெயர் புதுப் பெயருக்கு மேலேதான் மூடிக்கொண்டு வர வேண்டும் என்று வாத்தியார் விளக்கினார், ஆனால் அது கீழேதான் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் கல்யாண வீட்டில் காணாமல்போன தேங்காய் அரிவாள் சம்பந்தி வீட்டில் இருந்தது தெரிந்தது. ஒருவன் தன் வீட்டுக் கத்தியில் தன் பெண்டாட்டியை முதலில் பெண் கேட்டு வந்தவன் பெயரைப் பார்த்து, அது எப்படி வந்தது என்று மூன்று நாள் கேட்டான், அவளுக்கே தெரியவில்லை, நாலாவது நாள் இரண்டு பேரும் சேர்ந்து குழம்பினார்கள். சண்டை போட்ட வீடுகளுக்கு இணையாக, எதற்குச் சண்டை போட்டோம் என்பதே புரியாத வீடுகளும் இருந்தன. எந்த அரிவாளும் யாருடையதும் இல்லை என்று ஆகிப்போய், இரண்டு நாள் ஒருவரும் தோட்டத்துக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் சொசைட்டியில் கூடி ஒரு முடிவெடுத்தார்கள், எஸ்தர் அதை நோட்டில் எழுதி வாசித்தாள். மேலே இருக்கும் பெயர்தான் சொந்தக்காரன். கீழே இருக்கும் பெயரை யாரும் படிக்கலாம். ஆனால் சத்தமாகப் படிக்கக் கூடாது.

இந்த முடிவை எல்லாரும் ஏற்றுக்கொண்டு கலையும்போதுதான் செல்லக்கனி வாயைத் திறந்தாள். திறப்பதாக அவளே நினைத்திருக்கவில்லை.

"எங்க வீட்டுப் பரண்ல ஒரு அருவா கிடக்கு. வாற வியாழக்கிழமை என் முறை. எல்லாரும் வந்து பாக்கணும். சுயம்புச் சித்தப்பாவும் வரணும்."

எந்த அரிவாள் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், கோயில் கொடை அன்று மத்தியானம், ஊர் மொத்தமும் பால்குடத்தோடு கோயிலில் நின்ற நேரத்தில், சுயம்புவின் தோட்டத்தில் குலை தள்ளி நின்ற இருநூற்றெண்பது வாழையை யாரோ இடுப்பளவில் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கடைசி வாழையின் கீழே ஒரு அரிவாள் கிடந்தது, அதன் பட்டையில் பலவேசம் என்று இருந்தது. பலவேசம் செல்லக்கனியின் தம்பி. அந்தக் கோடையில் சுயம்பு வாய்க்கால் தண்ணீரைத் தன் முறைக்கு மேல் இரண்டு நாள் அடைத்துக்கொண்டதில், செல்லக்கனியின் தோட்டம் காய்ந்து, தவசியும் பலவேசமும் சேர்ந்து வரப்பில் நின்று கத்தினார்கள், இரண்டு பேரில் பலவேசத்தின் குரல் பெரிது. "பேரு மட்டுந்தான் என்னுது. என் அருவா புதுசு, கடையில வாங்கினது. இது யாருதோ பழசு" என்றான் அவன். "பேருதானேடே வேணும்" என்றது ஊர். அன்றாடம் பெயரை எடுத்துப் பெயரைக் குத்துகிற கைகள்தான் அத்தனையும், ஆனாலும் ஒருவர்கூட இரும்பில் இருக்கும் பெயர் பொய் சொல்லும் என்று நினைக்கவில்லை. மாலை ஐந்தேகால் பஸ்ஸில் பலவேசம் போனான். உன் வீட்டு இரும்பை நீயே வைத்துக்கொள் என்று அரிவாளை அவள் காலடியில் போட்டார்கள். இப்போது பம்பாய்ப் பக்கம் ஒரு மிக்சர் கம்பெனியில் இருக்கிறான். அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான்.

தை பதினொன்றில் செல்லக்கனியின் மகள் ராஜகனிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறுவதில்லை. பலவேசம் வந்தால் நாங்கள் யாரும் இலையில் கை வைக்க மாட்டோம் என்று சுயம்புவின் தெரு பத்திரிகை அடிக்கும் முன்பே சொல்லியனுப்பிவிட்டது. அந்தத் தெருவில் அறுபத்து மூன்று வீடு. அரிவாள் கடையில் வாங்கின புதுசாக இருந்தால் கீழே பெயர் எதுவும் வராது, பலவேசம் சொன்னது பொய். வேறு பெயர் வந்தால் அது வேறொருவன் அரிவாள், பலவேசம் சொன்னது நிஜம். ஒரு அரம் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

ஆனால் வியாழக்கிழமைவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. சனிக்கிழமை யாருக்கும் முறை கிடையாது, அன்றைக்கு அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பரணில் உரச்சாக்குக்குள் கிடந்ததை எடுத்து, மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து ராவினாள். பட்டை கனத்தது. பலவேசத்தின் கீழே ஒரு புள்ளி எழும்பியது, பிறகு ஆறு, பிறகு பதினொன்று. எழுத்து சேருவதற்கு முன்பே அவளுக்கு அந்தக் கையைத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் சி-யின் சுழியை அப்படிப் பெரிதாகக் குத்தும் ஆள் ஊரிலேயே ஒருவன்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டு மண்வெட்டியில், கடப்பாரையில், கோடாலியில், எல்லாவற்றிலும் அந்தச் சுழிதான் இருந்தது. தவசி.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி, வாய்க்கால் வழிந்து, பக்கத்து வயலுக்குள் தண்ணீர் போகிறதே என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

வீட்டு வாசலில், படிக்கு வெளியே, அரிவாளைத் தவசிக்கு முன்னால் வைத்தாள். அவன் செய்தித்தாள் படிக்கிறவன் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான்.

"நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு. பழசு ஒண்ணு கிடந்துச்சு, எடுத்துக்கடான்னேன். பேரெடுத்துட்டு அவன் பேரக் குத்திக்கிட்டான்."

"அவன் புது அருவா வச்சிருந்தான்லா?"

"ரெண்டு அருவா வச்சிக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

"அன்னைக்கி ஏன் சொல்லல நீங்க?"

"யாரு கேட்டா?"

அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அரிவாள் கொடுப்பது உண்டு, பேரெடுப்பது உண்டு, கேட்காமல் சொல்வது அவன் வழக்கமே இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன பொய் என்று எண்ணினால் மூன்றோ நாலோ தேறும், எல்லாம் சின்னப் பொய். செல்லக்கனி உலையை வைத்துவிட்டு அரிசி போடாமல் இருந்தாள், பிறகு உப்பை இரண்டு முறை போட்டாள். தவசி சாப்பிட்டு முடித்தான். உப்பு கூடிப்போச்சு என்று சொல்லாததுதான் அவளை இன்னும் குழப்பியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பலவேசம் கூப்பிட்டான், பின்னால் மிக்சர் கலக்கும் மிஷின் ஓடியது.

"ஏல, அந்த அருவாளுல அத்தான் பேரு வந்திருக்கு."

அவன் மிஷினை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. "எத்தனை எழுத்து வந்திருக்கு?"

"மூணும்."

"உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்தப் பட்டையில ஒரு கோணல் இருக்கும் பாரு. அத்தான் பனை வெட்டும்போது விழுந்த கோணல். நான் பக்கத்துல நின்னேன். ஊர்க் கூட்டத்துல அதக் காட்டும்போதே யாருதுன்னு தெரிஞ்சிட்டு."

"அத்தான் உனக்குக் குடுத்தேங்காவ."

"அப்படியா சொல்லுதாவ?" பலவேசம் சிரித்தானா இருமினானா தெரியவில்லை. "வெட்டினத நான் பாக்கல. பாத்தேன்னு சொல்ல மாட்டேன். அருவா எனக்குக் குடுத்தது இல்ல, அதுல என் பேர நான் குத்தவும் இல்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கி வாயத் திறந்தா உன் குடும்பம் போயிரும், திறக்காட்டா என் குடும்பம் போவும். எனக்குத்தான் அப்பக் குடும்பமே இல்லையே. பஸ்ஸு வேற தயாரா நின்னுச்சு."

"ஏழு வருஷமால வச்சிருந்த?"

"எழுபது வருஷம் இருக்கலாம்க்கா. இங்க மிக்சர் நல்லாருக்கும். நீ அந்த அருவாளத் தூக்கிக் கிணத்துல போடு. ராஜகனிக்கு மாலைய யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும்."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் செல்லக்கனி கிணற்றடிக்குப் போய் வந்தாள். அரத்தை மாற்றி வைத்துவிடலாம் என்றும் நினைத்தாள். கடையில் இதே மாதிரி பதினொன்று இருக்கிறது. ஒன்றை வாங்கி, தவசி பெயரை ராவி எடுத்துவிட்டு, இந்த இடத்தில் வைத்தால், வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் பொடி கொட்டும், இரும்பு வளர்வது நின்றுவிட்டது என்பார்கள், நிம்மதி என்றும் சொல்வார்கள். மகள் கல்யாணம் நடக்கும். தம்பி மிக்சர் கலக்குவான். அல்லது இதே அரத்தை எடுத்துப் போய் ராவினால் தவசி என்று வரும், அறுபத்து மூன்று வீடும் படிக்கும், மணவறையில் பெண்ணின் அப்பா எங்கே நிற்பான் என்று தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார்கள், பஸ் வசதி நன்றாக இருக்கிறது, செய்தி அரை மணி நேரத்தில் போய்விடும். எந்த அரம் என்று கடையில் ஒரு நிமிஷத்தில் தேர்ந்தெடுத்தவளுக்கு இப்போது மூன்று நாள் போதவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவள் ஞானதிரவியத்தின் கடை வாசல்வரை போய், பெட்டியைப் பார்த்துவிட்டு, கால் கிலோ சர்க்கரை இருக்கா அண்ணாச்சி என்று கேட்டாள். இங்க எப்பம்மா சர்க்கரை வித்தேன் என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை பால் அளந்து முடிந்ததும் வராந்தா நிறைந்துவிட்டது. சுயம்பு முன்வரிசையில் பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், அறுபது வயது, ஏழு வருஷமாகச் செல்லக்கனி எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறவர். தவசியும் வந்தான். வர மாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றான். குங்குமம் வைத்த தூண்.

அரிவாளின் பட்டையில் துணி சுற்றியிருந்தது. அவள் மோட்டார் ரூமில் வளர்த்தது அந்தத் துணிக்குக் கீழேதான் இருந்தது. துணியை அவிழ்த்துக் காட்டினாலே போதும், ராவ வேண்டியதில்லை. அவிழ்க்காமல் எழுந்து போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். செல்லக்கனி தவசியைப் பார்த்தாள். தவசி அவளைப் பார்க்கவில்லை, கூரையில் ஓடும் பல்லியைப் பார்த்தான். அவன் கழுத்தில் வியர்வை இறங்கி, வெள்ளைச் சட்டையின் காலர் ஒரு விரல்கடை நனைந்திருந்தது. மற்றவர்கள் கழுத்தெல்லாம் காய்ந்துதான் இருந்தது, ஐப்பசி மழை விட்டுக் குளிர்ந்த காலை.

அவள் துணியை அவிழ்த்தாள். முழங்காலில் அணைத்து, எல்லாரும் பார்க்கும்படி இன்னும் பத்து இழுப்பு இழுத்தாள். புள்ளிகள் கழுவிவைத்த மாதிரித் தெளிந்தன. பிறகு அரிவாளை முன்னால் வைத்தாள்.

கூட்டம் ஒரு அடி நகர்ந்து குனிந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. படிக்கலாம், சத்தமாகப் படிக்கக் கூடாது என்று அவர்களே எழுதிய முடிவு அவர்கள் வாயையே பிடித்துக்கொண்டது. படித்தவர்கள் தவசியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதனால் எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் எஸ்தர் மேல் போய் விழுந்தது. எஸ்தர் பேனாவைத் திறந்து, விதிப்படி, மேல் பெயர் பலவேசம் என்று எழுதி, கீழ்ப் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

கடைசியாகச் சுயம்பு குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூன்று எழுத்தையும் விரலால் தடவினார். நிமிர நேரமாயிற்று.

"பிள்ள, கல்யாணம் தை எத்தனை?"

"பதினொண்ணு சித்தப்பா."

"வாசல்ல கட்டக் குலை வாழை வேணும்லா?"

"வேணும்."

"என் தோட்டத்துல ரெண்டு எடுத்துக்கோ. நல்ல குலையா நிக்கி." கண்ணாடியைத் திரும்ப மூக்கில் இறக்கினார். "உன் தம்பிய வரச் சொல்லு. எங்க தெரு சாப்பிட வரும். ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டையும் வெட்டுறதுக்கு உன் வீட்டுக்காரன அனுப்பு. பழகின கை, சிரமம் இருக்காது."

சிலர் சிரிக்க வாயெடுத்தார்கள். சிரிப்பதா என்று தெரியாமல் மூடிக்கொண்டார்கள். அது மன்னிப்பா, தண்டனையா, வெறும் பேச்சா என்று அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு மாதமும் ஏழாங்காலில் பேசினார்கள், இரண்டு பேருக்கு ஒரே கருத்து இருந்ததில்லை. செல்லக்கனிக்குத் தனியாக ஒரு கருத்தே இருக்கவில்லை. தவசி வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். அவனை இப்போதும் யாரும் கேட்கவில்லை.

அதோடு ஊருக்கு அரம் போதும் என்று ஆகிவிட்டது. வேண்டிய இரும்பு வளர்ந்தாயிற்று, வேண்டாததும் வளர்ந்தாயிற்று. எடுத்துட்டுப் போயிரும்மா என்று எஸ்தர் சொன்னாள். செல்லக்கனி அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தபோது, ஞானதிரவியம் மறுபேச்சில்லாமல் வாங்கி, அதே பெட்டியில் போட்டு, பெட்டியை இரண்டு தட்டு தட்டி மேல் தட்டில் வைத்தார். எது எது என்று அதற்கப்புறம் அவருக்கும் தெரியாது.

தை பத்தாம் தேதி காலை பஸ்ஸில் பலவேசம் வந்து இறங்கினான். நரைத்திருந்தான், கையில் ஒரு பெரிய மிக்சர் பொட்டலம். ராஜகனியைப் பார்த்து இது யாரு என்று கேட்டான், அவள் அழுதாள். தவசி வாங்க என்றான். பலவேசம் வாரேன் அத்தான் என்றான். பெரியவர்கள் யாராவது வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

வாழை வெட்ட வேண்டும். அந்த அரிவாள் ஐப்பசியிலிருந்து வாசற்படிக்கு வெளியே, துளசிச் செடிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, இரண்டு பேர் பெயரோடு உள்ளே வர முடியாமல், இரண்டு மாதப் பனியில் வாய் மழுங்கி. செல்லக்கனி கடைக்குப் போனாள்.

"வளர்றது வேணுமா, தேய்றது வேணுமா?" என்றார் ஞானதிரவியம்.

"தேய்றது."

"எதுன்னு எனக்குத் தெரியாது பாத்துக்கோ. வித்ததுபோக அஞ்சு கிடக்கு."

வெயிலில் சாய்த்தாள், நகத்தை இழுத்தாள், தொங்கவிட்டுச் சுண்டினாள். ஐந்தும் ஒரே மாதிரி நின்று ஒரே மாதிரி அடங்கின. பிறகு அவள் சுண்டுவதை விட்டுவிட்டு, கையில் முதலில் பட்டதை எடுத்துக்கொண்டாள்.

படிக்கு வெளியே உட்கார்ந்து அரிவாளை முழங்காலில் அணைத்தாள். உள்ளே பலவேசம் பயணக் களைப்போடு சுவரில் சாய்ந்திருந்தான். தவசி துண்டைத் தோளில் போட்டு, வெட்டப் போகிறவனாக நின்றான். ஒரு பெயரை எடுக்க வேண்டும். எதை என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் அரத்தை வைத்து, முன்னே தள்ளினாள்.

மடியில் கறுப்பாகப் பொடி விழுந்தது.

பொடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் இன்னொரு முறை தள்ளினாள், இன்னும் விழுந்தது. ப-வின் நேர்கோடு போயிற்று, பிறகு ல, பிறகு வே. தம்பியின் பெயர் முழுவதும் மடிக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வாய்க்கு நாலு இழுப்பு கூர் பிடித்து, காம்புப் பக்கம் திருப்பித் தவசியிடம் நீட்டினாள்.

தவசி வாங்கிக்கொண்டான். பட்டையைப் பார்த்தான். அதில் இப்போது ஒரே பெயர், பெரிய சுழியோடு. பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அறுபத்து மூன்று வீட்டின் வழியாகச் சுயம்புவின் தோட்டத்துக்கு நடந்தான்.

செல்லக்கனி மடியைத் தட்டவில்லை. உள்ளிருந்து பலவேசம், "பசிக்குதுக்கா" என்றான். அவனுக்கு இலை போட அவள் எழுந்தபோதுதான் அந்தப் பொடி படியில் கொட்டியது.